இடது கண்ணின் நீலம்

"அப்படின்னா இத்தனை வருஷமா நான் படிச்சது தப்பாம்மா?" என்று செல்லையா கேட்டார்.

எஸ்தர் அம்மாள் நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்திக்கொண்டார்.

மேஜையில் கிடந்த சாம்பல் நிற அட்டையின் மேல் இரண்டு தபால்தலைகளை ஒட்டினாற்போல் வைத்தார். வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். பிறகு கையை மாற்றி, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

"தப்புதான், அண்ணாச்சி" என்றார்.

*

குன்னூரில் ரயில் நிலையத்துக்கு மேலே, படிக்கட்டு போய் முடிகிற இடத்தில் அம்மாளின் வீடு. தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாள்.

பழைய தபால்தலைகளைப் பார்த்து நிறம் சொல்வதில் அவருக்கு ஒரு பேர் இருந்தது.

ராஜா தலை போட்ட அந்தக் காலத்துத் தபால்தலையை நாம் பார்த்தால் நீலம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். ஆனால் அச்சகத்தில் ஒவ்வொரு முறை மை கரைத்தபோதும் அந்த நீலம் ஒரு இழை மாறியிருக்கும். தன்னிடம் இருப்பது எந்த நீலம் என்று தெரியாமல் சேகரிக்கிறவன் தூக்கம் கெட்டுக் கிடப்பான். கோயம்புத்தூர், கரூர், கொழும்பு என்று எங்கெங்கோ இருந்து அம்மாளுக்கு அனுப்பி வைப்பார்கள். அம்மாள் பார்த்து, ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் நிறத்தின் பெயரை எழுதி, தபால்தலையோடு திருப்பி அனுப்பிவிடுவார். நகல் எடுத்து வைக்கிற பழக்கம் கிடையாது.

அவர் எழுதும் பெயர்கள் புத்தகத்துப் பெயர்கள் அல்ல. சொட்டு நீலம். மங்கல் நீலம். அவுரி. கத்தரிப்பூ. மண்ணோடிய ஊதா.

பெயரைப் படித்தால் போதும், நிறம் கண் முன்னால் வந்து நிற்கும்.

செல்லையா மார்க்கெட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். மனைவி பொன்மணி போன பிறகு கடையில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. பழைய கடித உறைகளில் இருந்த தபால்தலைகளைக் கிழித்து ஒரு பொட்டலமாகக் கட்டிக்கொண்டு, எதற்கென்று தெரியாமலே ஒருநாள் அந்தப் படிகளை ஏறினார்.

அம்மாள் பொட்டலத்தைப் பிரித்தார். முகம் சுளித்தார்.

"இப்படியா கிழிக்கிறது? தண்ணியில போட்டு வைங்க. அதுவா விட்டுட்டு வரும்."

முதல் பாடம் அதுதான். செல்லையா அன்று வீட்டுக்குப் போய், ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, காகிதம் தானாகப் பிரிகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பொன்மணி போனதிலிருந்து அவர் ஓரிடத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்தது அன்றுதான்.

மறுநாளும் படியேறினார். அதற்கு மறுநாளும்.

அப்படிப் பன்னிரண்டு வருஷம் போயிற்று.

குருவைவிட சிஷ்யனுக்கு நாலு வயது அதிகம். மார்க்கெட்டில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். "பள்ளிக்கூடம் கிளம்பியாச்சா அண்ணாச்சி? சிலேட்டு எடுத்துக்கிட்டீங்களா?" என்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் படியேறுவார்.

பாதி நாள் பாடம் நடக்காது. மூடுபனி ஜன்னல்வரை வந்து நிற்கும்.

"வெளிச்சம் இல்லை. டீ குடிச்சிட்டுப் போங்க" என்பார் அம்மாள்.

"விளக்கைப் போட்டுப் பாக்கக் கூடாதாம்மா?"

"கூடாது."

"விளக்கு பொய் சொல்லுமா?"

"பொய் சொல்லாது. தனக்குப் பிடிச்சதை மட்டும் சொல்லும்."

செல்லையா டீயைக் குடித்துவிட்டு இறங்குவார்.

*

அம்மாளின் இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்திருந்தது. வலது கண்ணில் அதிகம். அதற்கு முதலில் ஆபரேஷன் நடந்தது.

கட்டு அவிழ்த்து, கறுப்புக் கண்ணாடியையும் கழற்றலாம் என்று சொன்ன மறுநாள் காலையில், அம்மாள் ஆல்பத்தைத் திறந்தார்.

சிவப்புகள் இருந்தபடி இருந்தன. பழுப்புகள் இருந்தபடி இருந்தன.

நீலப் பக்கத்தைத் திருப்பினார்.

ஒரே நீலம் என்று அவர் வரிசையாக அடுக்கி வைத்திருந்த தபால்தலைகள் ஒரே நீலமாக இல்லை.

கண் ஒரே நாளில் மஞ்சளடித்துப் போவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, வருஷக்கணக்கில், உள்ளே ஒரு மஞ்சள் கண்ணாடி தடித்துக்கொண்டே வரும். பார்க்கிறவருக்குத் தெரியாது. உலகம் அந்த நிறம்தான் என்று இருந்துவிடுவார்.

அம்மாள் பால்காரரிடம் சொல்லியனுப்பினார். செல்லையா வந்தார். அம்மாள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

அப்போதுதான் செல்லையா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

*

"நான் வந்த முதல் வருஷமே சொன்னேன்" என்றார் செல்லையா. அவர் குரல் உயர்ந்து அம்மாள் கேட்டதில்லை. "இது ரெண்டும் வேற வேறம்மா, ஒண்ணுல சிவப்பா ஒரு மினுக்கம் இருக்குன்னு சொன்னேன். சொட்டு நீலத்தைத் தண்ணியில விட்டா முதல்ல சுருண்டு இறங்குமே, அந்த மினுக்கம்னு சொன்னேன். எத்தனை பாட்டில் வித்திருப்பேன்! எனக்குத் தெரியாதா?"

"சொன்னீங்க."

"ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. வெளிச்சம் ஏமாத்துது அண்ணாச்சி, ரெண்டும் மங்கல் நீலம்தான்னு சொன்னேன்."

"ஆமா. அதேதான் சொன்னீங்க."

"அப்புறம் நீங்க ஏன் மறுபடி சொல்லலை?"

"எப்படிம்மா சொல்வேன்? கொழும்புல இருக்கவன் உங்க கண்ணை நம்பி அனுப்புறான். என் கண்ணு பருப்புல கல்லு பொறுக்கின கண்ணு."

"ஒரு தடவை சொல்லிட்டு விட்டுட்டீங்களே, அண்ணாச்சி."

"நீங்க ஒரு தடவை கேட்டுட்டு விட்டுட்டீங்களே."

அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. செல்லையாவுக்கு வரவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார். அவருக்கு வைத்த டீ ஏடு படிந்து ஆறியது.

*

வீட்டுக்கு வந்ததும் தன் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார். வானம் வெளுத்திருந்தது. நல்ல வெளிச்சம்.

நீலப் பக்கத்தைப் பார்த்தார்.

இத்தனை வருஷமாக அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் அவர் தன் கண்ணைத் தானே அதட்டியிருக்கிறார். அது ஒன்று சொல்ல வாயெடுக்கும். சும்மா இரு என்பார். அது அடங்கிவிடும். பிறகு அம்மாள் சொன்ன பெயரைச் சொல்லிக்கொள்வார்.

இன்று அதட்டவில்லை.

பார்த்துக்கொண்டே இருந்தார். திருவிழாக் கூட்டத்தில் தெரிந்த முகங்கள் ஒவ்வொன்றாகத் தென்படுவதுபோல், நீலங்கள் தனித்தனியாகப் பிரிந்து வந்தன.

கோபம் கொஞ்சம் தணிந்தது. தணிந்த இடத்தில் வேறொரு நினைப்பு வந்தது.

அம்மாள் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஆல்பத்தை மூடி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால், இந்தப் பூமியில் யார் கண்டுபிடித்திருப்பார்கள்? பார்த்த அன்றைக்கே, பால்காரரை அனுப்பிக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அதுவும் முதலில் அவரிடம்.

செல்லையா நெடுநேரம் ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை படியேறினார்.

"நேத்து டீ ஒண்ணு பாக்கி" என்றார் வாசலில் நின்று.

"அதைப் பூனை குடிச்சிட்டுது. வாங்க, புதுசாப் போடுறேன்" என்றார் அம்மாள்.

*

அம்மாள் வலது கண்ணின் மேல் ஒரு கறுப்புத் துணியைக் கட்டியிருந்தார்.

"என்னம்மா இது? நல்ல கண்ணைக் கட்டிப்போட்டுட்டு கெட்ட கண்ணால பாக்குறீங்க?"

"கேள்வி இதுகிட்டதான் இருக்கு, அண்ணாச்சி."

இடது கண்ணின் அருகே பூதக்கண்ணாடியை வைத்து ஒரு தபால்தலையைப் பார்த்தார். கீழே வைத்தார்.

"வால்பாறையில ஒரு நர்ஸ். பேரு மறந்துபோச்சு. ஒரு நீலத்தலை அனுப்பியிருந்தாங்க. சாதா மங்கல் நீலம்னு எழுதி அனுப்பினேன். விடலை. 'என் நீலம் வேற நீலம்மா, இன்னொரு தடவை பாருங்க'ன்னு மறுபடி அனுப்பினாங்க. நான் என்ன எழுதினேன் தெரியுமா?"

"என்ன எழுதினீங்க?"

"'வேற நீலமா இருக்கணும்ங்கறது உங்க ஆசை. ஸ்டாம்புக்கு அந்த ஆசை இல்லை.'"

செல்லையா டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு திமிரு பாருங்க. அதுக்கப்புறம் அவங்க எழுதவே இல்லை. அந்த ஸ்டாம்பைத் தூக்கி எங்க போட்டாங்களோ. அவங்க மாதிரி இன்னும் எத்தனை பேரோ."

"எல்லாருக்கும் எழுதி, திருப்பி அனுப்பச் சொல்லலாமே?"

"யார் யாருன்னு எனக்கே தெரியாதே. சேகரிக்கிறவங்க சங்கத்துப் பத்திரிகை ஒண்ணு வருது. எல்லாரும் படிப்பாங்க. அதுல போடலாம். ஆனா என்னன்னு போடுறது? நான் சொன்னதெல்லாம் தப்புன்னா? சிவப்பு தப்பில்லை. பழுப்பு தப்பில்லை. நீலத்துல சிலது, ஊதாவுல சிலது. எது எதுன்னு சரியாச் சொன்னாத்தான் அவங்க தேடி எடுத்துப் பாப்பாங்க. மொட்டையாச் சொன்னா, கிழவிக்கு மூளை கலங்கிடுச்சுன்னு சரியானதையும் சேத்துத் தூக்கிப் போட்டுருவாங்க."

அம்மாள் இடது கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

"இந்தக் கண்ணு எதை எதை ஒண்ணாக் கலந்துச்சுன்னு இதுக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு ஸ்டாம்பா இதுகிட்டயும் கேக்கணும், அதுகிட்டயும் கேக்கணும். இதையும் ஆபரேஷன் பண்ணிட்டா, அப்புறம் நான் என்ன தப்பு பண்ணினேன்னு கேக்கக்கூட ஆள் கிடையாது."

"எத்தனை நாள் ஆகும்மா?"

அம்மாள் ஜன்னலைப் பார்த்தார். முற்றத்துச் செடி பாதிதான் தெரிந்தது.

"வெளிச்சத்தைக் கேளுங்க" என்றார்.

*

வலது கண்ணுக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் பிரவீணாவுக்கு அவர்கள் இருவரையும் பிடிக்கும். ஆனால் அன்று அவர் சிரிக்கவில்லை.

"அம்மா, இடது கண்ணுல லென்ஸ் தடிச்சுக்கிட்டே போகுது. உள்ள அழுத்தம் ஏறுது. இன்னும் ஏறினா நரம்பு போயிடும். நரம்பு போனா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்த வியாழக்கிழமை வந்து படுங்க."

"கொஞ்சம் தள்ளி வைங்க, டாக்டர்."

"எதுக்கு?"

"வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"என் தப்பையெல்லாம் பாக்கணும்."

டாக்டர் செல்லையாவின் முகத்தைப் பார்த்தார். செல்லையா சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தார்.

"அதை ஆபரேஷனுக்கு அப்புறம் பாருங்களேன். ரெண்டு கண்ணாலயும் தெளிவாப் பாக்கலாம்."

"அப்போ தெரியாதும்மா."

டாக்டருக்குப் புரியவில்லை. பேனாவை மூடினார்.

"கண்ணு போயிட்டா அது ஸ்டாம்பு இல்லம்மா, வேறொண்ணு வாங்கி ஒட்ட. அண்ணாச்சி, உங்ககிட்டதான் சொல்றேன். கண்ணு சிவந்தாலோ வலிச்சாலோ ஒரு நாள்கூட வச்சிருக்காதீங்க. கூட்டிட்டு வந்துருங்க."

*

வெளிச்சம் இருந்த காலைகளில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

செல்லையா சின்ன இடுக்கியால் ஒரு தபால்தலையை எடுத்து அட்டையில் வைப்பார்.

"இடது?"

"மங்கல் நீலம்."

"வலது?"

அம்மாள் துணியை மாற்றிக் கட்டிக்கொள்வார். சற்று நேரம் அட்டையின் வெறும் சாம்பலைப் பார்ப்பார், கண் இளைப்பாறுவதற்கு. பிறகு பார்ப்பார்.

"சொட்டு நீலம்."

ஒன்று முடிவதற்குள் டீக்கு வைத்த தண்ணீர் கொதித்துவிடும். ஒரு பக்கம் முடிவதற்குள் மூடுபனி வந்துவிடும்.

சில சமயம் வலது கண் பார்த்ததும் அம்மாள் பெயர் சொல்ல மறந்துபோய் அப்படியே இருப்பார்.

"இது இவ்வளவு அழகா, அண்ணாச்சி? இதைத்தான் இத்தனை நாளும் நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்களா?"

"பாக்காத மாதிரி இருந்தேன்மா."

வியாழக்கிழமை வந்தது. போயிற்று. அம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

*

அதற்கடுத்த வாரத்தில் ஒருநாள், அம்மாள் வீட்டுக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"கழட்டுங்கம்மா" என்றார் செல்லையா.

"வெளிச்சம் கூசுது."

"வெளியில மூட்டம் போட்டிருக்கு. எந்த வெளிச்சம் கூசுது?"

அம்மாள் கழற்றினார். இடது கண் சிவந்து நீர் கோத்திருந்தது.

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

"எப்போலேருந்து?"

"நேத்து சாயங்காலம் ஒரு தடவை. இன்னைக்குக் காலையில ஒரு தடவை."

செல்லையா எழுந்துவிட்டார்.

"போதும். கிளம்புங்க."

"நீலமே பாதிதான் ஆயிருக்கு. ஊதாவைத் தொடவே இல்லை."

"ஊதா கிடக்கட்டும்மா! கண்ணு போகப் போகுது. யாரோ வால்பாறையில இருக்கிறவங்களுக்காக நீங்க குருடா நிப்பீங்களா?"

"யாரோ இல்லை அண்ணாச்சி. என்னை நம்பினவங்க." அம்மாள் கைக்குட்டையால் கண்ணை ஒற்றினார். "முதல் ஆளு நீங்கதான். உங்களுக்கு நான் இதைக்கூடச் செய்யலைன்னா எப்படி?"

செல்லையா வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

என்ன செய்வதென்று தெரியாத கை, இடுக்கியை எடுத்தது. ஆல்பத்தின் கடைசிப் பக்கங்களைத் திறந்தது. அவர்கள் இன்னும் போய்ச் சேராத பக்கங்கள் அவை.

வெளியே காற்றடித்தது. மூட்டம் கிழிந்து, ஜன்னலில் வெள்ளையாக வெளிச்சம் விழுந்தது.

அம்மாள் உடனே வலது கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டார். "வைங்க, வைங்க. வெளிச்சம் போறதுக்குள்ள ரெண்டு பாத்துரலாம்."

செல்லையா ஒன்றை எடுத்தார். அட்டையில் வைக்கவில்லை. பின்பக்கம் அம்மாளுக்குத் தெரியும்படி கையிலேயே பிடித்துக்கொண்டார்.

"மங்கல் நீலம்னு சொல்வீங்க" என்றார். திருப்பி வைத்தார்.

அம்மாள் பார்த்தார்.

"மங்கல் நீலம்."

இன்னொன்றை எடுத்தார். "அவுரின்னு சொல்வீங்க."

"அவுரி."

"இதுவும் அவுரி. ஆனா சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிப்பீங்க."

அம்மாள் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார்.

"அவுரி" என்றார். பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "உங்களுக்கு இது எந்த நிறம்?"

"எனக்கு இது சொட்டு நீலம். ரெண்டு வரிசைக்கு மேல இருக்கு பாருங்க, அதோட கூடப்பிறந்தது."

"அது உங்க கண்ணு. என் கண்ணு என்ன சொல்லும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி, என்ன வரும்னு நெனச்சுக்கிட்டே உட்காந்திருப்பேன். தினமும். சிஷ்யனுக்கு வேற என்ன வேலை?"

அம்மாள் விடவில்லை. ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்து, தானே ஒரு தபால்தலையைத் தேர்ந்து, இடது கண்ணால் பார்த்துவிட்டு, கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

"மேல் ஓரத்துல முத்திரை விழுந்தது. அந்த ஊதா. சொல்லுங்க."

"கத்தரிப்பூ" என்றார் செல்லையா.

அம்மாளின் முகம் மலர்ந்தது.

"தப்பு! மண்ணோடிய ஊதா. பாத்தீங்களா? உங்ககிட்ட இல்லை அது. என்கிட்டதான் இருக்கு. இந்தக் கண்ணு வேணும் எனக்கு."

செல்லையா தலையாட்டினார்.

"இப்போ மண்ணோடிய ஊதாதான்மா. நான் வந்த புதுசுல இதைக் கத்தரிப்பூன்னுதான் சொல்லிக்கொடுத்தீங்க. என் பேத்தி காதுகுத்துக்கு வந்துட்டுப் போனீங்களே, அதுக்கு மறுவாரம். கத்தரிப்பூவைப் பாத்திருக்கீங்களா அண்ணாச்சின்னு கேட்டீங்க. கடையில கத்தரிக்காய்தான் உண்டு, பூ கிடையாதுன்னு சொன்னேன். சிரிச்சீங்க."

அம்மாளின் கை கவிழ்த்து வைத்த தபால்தலையின் மேல் போய் நின்றது.

"கடையை மருமகன்கிட்ட விட்ட வருஷம் மறுபடி இதை எடுத்தோம். அப்போ மண்ணோடிய ஊதான்னு சொன்னீங்க. அப்போலேருந்துதான் மண்ணு."

"பேரை மாத்தினேனா?"

"மாத்தினீங்க."

"நீங்க கேக்கலையா, ஏன் மாத்துறீங்கன்னு?"

"முதல்ல நான்தான் தப்பாக் காதுல வாங்கியிருப்பேன்னு நெனச்சேன்."

அம்மாள் கவிழ்த்து வைத்திருந்த தபால்தலையைத் திருப்பினார். இடது கண்ணால் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அது மண்ணோடிய ஊதாவாகவே இருந்தது.

"அப்போ அந்தக் காலத்துல நான் எழுதினது..."

"ஊதா எல்லாம் சரி. நீலத்துல மங்கலும் சொட்டும் மட்டும் கலந்துச்சு. அவுரி பின்னாடிதான் போச்சு. என் முட்டி வலிக்க ஆரம்பிச்ச பிறகு. படியேறி வந்து மூச்சு வாங்கிக்கிட்டே கேட்டது ஞாபகம் இருக்கு."

"வால்பாறை நர்ஸ் எழுதினது?"

"அது என் ரெண்டாவது வருஷம். அந்த ஸ்டாம்பை நான் பாத்தேன்மா. நீங்க எழுதின சீட்டோட உறையில வச்சு ஒட்டினது நான்தானே. அது சொட்டு நீலம்."

அம்மாள் துணியை அவிழ்த்தார். இரண்டு கண்களையும் மூடிக்கொண்டார். சிவந்த கண்ணில் இருந்து நீர் வழிந்தது. வலியால் வழிந்ததா என்று செல்லையாவுக்குத் தெரியவில்லை.

"இந்தக் கண்ணுக்கு இதெல்லாம் தெரியாது" என்றார் மெல்ல. "இதுக்கு இன்னைக்குப் பாக்குறது மட்டும்தான் தெரியும்."

மூட்டம் மறுபடி இறங்கி ஜன்னலை மூடியது.

"நான் பண்ணின தப்பை இவ்வளவு பத்திரமா வேற யாரு வச்சிருப்பாங்க, அண்ணாச்சி?"

"நான் அதைத் தப்புன்னு நெனச்சு வைக்கலையேம்மா" என்றார் செல்லையா.

அம்மாள் எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார்.

"டாக்டருக்கு போன் போடுங்க" என்றார்.

*

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது மூட்டம் முழுதாக விலகியிருந்தது. மழை கழுவிவிட்டுப் போனதுபோல் மலையெல்லாம் பளிச்சென்று இருந்தது.

உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டார். "எஸ்தர் அம்மா, வாங்க."

அம்மாள் படியில் கால் வைத்தவர் நின்றார். திரும்பி அண்ணாந்து பார்த்தார். வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். சிவந்த இடது கண்ணை இடுக்கிக்கொண்டு, பழைய தபால்தலையைப் பார்ப்பதுபோல் வானத்தைப் பார்த்தார்.

"என்னம்மா?" என்றார் செல்லையா.

"இந்தக் கண்ணு இனிமே இப்படிப் பாக்காது. நல்ல கண்ணுதான், பாவம். இத்தனை வருஷம் உழைச்சுது."

"என்ன தெரியுது?"

"சாம்பல்" என்றார் அம்மாள். "நீங்க சொல்லுங்க. என்ன நிறம்?"

செல்லையா மேலே பார்த்தார். பழக்க தோஷத்தில், அம்மாள் சொன்ன பெயர்தான் முதலில் நாக்கில் வந்து நின்றது. அதைத் தள்ளிவிட்டு மறுபடி பார்த்தார்.

"நீலம்மா."

அம்மாள் பொத்திய கையை எடுக்கவில்லை. இடது கண்ணால் இன்னும் ஒருமுறை அந்தச் சாம்பல் வானத்தைப் பார்த்தார்.

"நீலம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.